அறுவடை இயந்திரத்தில் தீயணைப்பு அமைப்பு பொருத்துவது எப்படி: ஒரு மெக்கானிக்கின் முறை

தீயணைப்பு அமைப்பு வேண்டும் என்று வருபவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை கிலோ சிலிண்டர் போடலாம்?" என்றுதான். அதற்குப் பதில் கடைசியில்தான் கிடைக்கும். முதலில் எஞ்சின் அறையைத் திறந்து எங்கே சூடு, எங்கே எண்ணெய், எங்கே பதர் என்று பார்க்கவேண்டும். இந்த மூன்றும் ஒன்றுகூடும் இடம் எந்த வண்டியிலும் ஒரு சிலதான் இருக்கும். சிலிண்டரில் இருப்பதைத் தெளிக்கும் நாசில் அந்த இடங்களைப் பார்த்து நிற்காவிட்டால் எவ்வளவு பெரிய சிலிண்டர் போட்டாலும் வண்டி சுமப்பது வெறும் எடையைத்தான்.

அறுவடை இயந்திரங்களும் வைக்கோல் கட்டும் இயந்திரங்களும் பழுது பார்ப்பதுதான் என் தொழில். தீயணைப்பு அமைப்பு பொருத்துவதும் அதோடு சேர்ந்து வந்த வேலை. இங்கே சொல்வது பெரும்பாலும் அறுவடை இயந்திரத்தை வைத்துத்தான். டிராக்டருக்கும் பருத்தி எடுக்கும் இயந்திரத்துக்கும் அடிப்படை இதேதான்.

முதலில் சூட்டை அளந்து பாருங்கள்

வண்டி முழுச் சுமையில் நன்றாக ஓடி முடிக்கும் நேரத்தில் போய், அகச்சிவப்பு வெப்பமானியால் தள்ளி நின்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். சுற்றும் பெல்ட் பக்கம் கையை நீட்டவே வேண்டாம். எஞ்சினின் புகையைச் சேர்த்து வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும், அந்தப் புகையால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் தள்ளும் டர்போவும் முழுச் சுமையில் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். புகை வடிகட்டி உள்ள புதிய வண்டிகளில், அது தன்னைத்தானே சுட்டுச் சுத்தம் செய்துகொள்ளும்போது உள்ளே போகும் புகையே 600 டிகிரியை ஒட்டி இருக்கும். டீசல் தானாகப் பற்றும் வெப்பநிலை 210 டிகிரியை ஒட்டித்தான். காய்ந்த பதர் படிந்து கிடந்தால் அதுவும் 500 டிகிரியில் பாதிச் சூட்டிலேயே கனிய ஆரம்பித்துவிடும். அதனால் டர்போவைச் சுற்றி எதுவும் பற்றாமல் இருக்கிறது என்றால், அங்கே எதுவும் வந்து படியவில்லை என்பது மட்டுமே காரணம்.

ஒரு விஷயம். பளபளக்கும் எஃகுக் குழாயில் இந்த வெப்பமானி உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். சூடு தாங்கும் கறுப்புப் பெயின்ட்டில் ஒரு நாணய அளவுக்குப் பொட்டு வைத்து, காய்ந்தபிறகு அந்தப் பொட்டைக் குறிபார்த்து அளந்தால் சரியாக வரும்.

அப்படியே பேரிங்குகளையும் பார்த்துவிடுங்கள். இடப்பக்கத்துப் பேரிங்கும் வலப்பக்கத்துப் பேரிங்கும் ஒரே வேலைதான் செய்கின்றன. ஒன்று மட்டும் மற்றதைவிட நன்றாகச் சூடாக இருந்தால் அது போகப்போகிறது என்று அர்த்தம். தீயணைப்பு அமைப்பு பெரும்பாலும் எஞ்சின் அறையைத்தான் காக்கும். கதிரடிக்கும் உருளைப் பக்கமோ வைக்கோல் வெளியேறும் பக்கமோ ஒரு பேரிங் சிவக்கச் சுட்டால் அந்த நாசில்கள் எதுவும் செய்யாது. அதற்கு கிரீஸும் கண்ணும்தான்.

எண்ணெய் எங்கே என்று தேடும்போது ஹைட்ராலிக் ஹோஸ் ஒவ்வொன்றையும் கையுறை போட்டுத் தொட்டுப் பார்க்கிறேன், எஞ்சின் நின்று அழுத்தம் இறங்கியபிறகு. 200 பார் அழுத்தத்தில் ஊசித்துளை விழுந்தால் எண்ணெய் சொட்டாது, பனிபோலச் சீறும். அந்தச் சீறல் டர்போவை எட்டினால் தீ பிடிக்க நொடிகள் போதும். ஹோஸ் மேல் ரப்பர் உரசி வெளுத்திருந்தால், அமைப்பு பொருத்துவதற்கு முன்னால் அந்த ஹோஸை மாற்றச் சொல்லிவிடுவேன்.

பதரைப் பற்றிச் சொல்வதானால், டர்போவுக்குக் கீழே உள்ள தட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். மேலே சாம்பல் நிறத்தில் காய்ந்த தூசு இருக்கும். விரலால் கிளறினால் அடியில் கறுத்து, எண்ணெய் ஊறி, ஒட்டிக்கொண்டிருக்கும். மேலிருக்கும் தூசைக் காற்றடித்தால் பறந்துவிடும். அடியில் இருப்பது பறக்காது, சுரண்டித்தான் எடுக்கவேண்டும். நான் பார்த்த கருகிய எஞ்சின் அறைகளில் பாதிக்குமேல் கருகிய தடம் இந்தத் தட்டிலிருந்துதான் மேலே ஏறியிருக்கிறது. பயறு வகைகளும் சூரியகாந்தியும் அறுக்கும் வண்டிகளில் இந்தத் தூசு இன்னும் மெல்லியது, இன்னும் சீக்கிரம் பற்றும்.

பவுடரா, நீரா

உலர் பவுடர் சுவாலையை அடிப்பதில் கெட்டிக்காரன். எண்ணெய் சீறி எரிவதைச் சில நொடிகளில் அடக்கிவிடும். ஆனால் பவுடர் சூட்டைத் தணிக்காது. சுவாலை போனபிறகும் மேனிஃபோல்ட் அதே சூட்டில் நிற்கும், பதருக்குள் கங்கு இருக்கும், ஹோஸிலிருந்து எண்ணெய் வழிந்துகொண்டிருக்கும். பவுடர் அடங்கியதும் மறுபடி பற்றும். நீர் கலந்த நுரையோ, ஈர ரசாயனமோ, நுண்துளி நீரோ தெளிக்கும் அமைப்பு சுவாலையையும் அடக்கும், இரும்பையும் குளிரவைக்கும், பதரையும் நனைக்கும்.

என் கருத்து: பதர் சேரும் வண்டிக்கு நீர் சார்ந்த அமைப்புதான். பவுடரும் நுரையும் இரண்டுமாக வரும் அமைப்புகளும் உண்டு, பெரிய வண்டிக்கு அவை நல்லவை. பவுடர் மட்டும்தான் முடியும் என்றால் கீழே நின்று எடுக்கும் உயரத்தில் ஒரு 9 லிட்டர் நீர்த் தீயணைப்பானையும் மாட்டிக்கொள்ளுங்கள். நுரை வாங்கும்போது ஃபுளோரின் இல்லாத வகை கேளுங்கள். ஏஎஃப்எஃப்எஃப் என்ற பழைய ஃபுளோரின் நுரையில் உள்ள ரசாயனம் மண்ணிலும் கிணற்றிலும் அழியாமல் தங்கும். நாம் தெளிக்கப்போவது விளைநிலத்தில். குளிர் உறையும் இடமென்றால் உறையாத கலவை வேண்டும்.

கார்பன் டை ஆக்சைடு, மற்ற வாயு அமைப்புகள் வேண்டாம். அறுவடை இயந்திரத்தின் எஞ்சின் அறை நாலாபக்கமும் திறந்தது. வாயு தங்காது.

தீயை உணரும் பகுதி

பணம் செலவழிப்பதானால் இங்கே செலவழியுங்கள். இரண்டு வழி பரவலாக உண்டு. ஒன்று, அழுத்தம் ஏற்றிய பிளாஸ்டிக் குழாய். தீச்சூடு பட்ட இடத்தில் அது வெடித்து அழுத்தம் இறங்கும். இறங்கியதும் சிலிண்டரின் வால்வு தானே திறக்கும். மின்சாரமே தேவையில்லை. இன்னொன்று, வெப்ப உணர் கேபிள். உள்ளே முறுக்கிய இரண்டு கம்பிகள், நடுவே குறிப்பிட்ட வெப்பத்தில் இளகும் உறை. உறை இளகினால் கம்பிகள் தொட்டுக்கொள்ளும், கேபினில் உள்ள கட்டுப்பாட்டுப் பலகைக்குச் செய்தி போகும்.

கேபிள் 68, 88, 105, 180 டிகிரி என்று பல அளவுகளில் வருகிறது. எதை எடுப்பது? இங்கேதான் பலர் வண்டி ஓடும்போது அளந்துவிட்டு முடிவு செய்கிறார்கள். எஞ்சின் அறையின் காற்று மிகவும் சூடாவது ஓடும்போது இல்லை, நிறுத்திய சில நிமிடங்களில். ஃபேன் நின்றுவிடும், டர்போவின் சூடு எங்கும் போக வழியில்லாமல் அறைக்குள்ளேயே ஏறும். அதனால் வெப்பமானியின் உணர்முனையைக் கேபிள் ஓடப்போகும் இடத்திலேயே கட்டிவிட்டு, உச்சி வெயிலில் முழுச் சுமையில் ஓட்டி, மூடியைத் திறக்காமல் எஞ்சினை நிறுத்தி, வெப்பம் ஏறி இறங்கும்வரை பாருங்கள். அந்த உச்ச அளவுக்குமேல் குறைந்தது 30 டிகிரி இடைவெளி விட்டுக் கேபிள் தேர்ந்தெடுப்பது என் வழக்கம். இப்படிச் செய்யாத வண்டிகளில்தான் ஓட்டுநர் சாப்பிடப் போன நேரத்தில் அமைப்பு தானாகக் கொட்டிவிட்டது என்று போன் வரும்.

கேபிளோ குழாயோ, சூடான பாகத்துக்கு மேலே ஓடவேண்டும், அதைத் தொடக்கூடாது. மேனிஃபோல்டுக்கு மேல், டர்போவைத் தாண்டி, எரிபொருள் பம்ப்புக்கு மேலாக, ஹைட்ராலிக் பம்ப் வரை கொண்டுபோய், பேட்டரிப் பெட்டியையும் ஒரு சுற்று சுற்றி வரலாம். முப்பது நாற்பது சென்டிமீட்டருக்கு ஒரு கிளிப். தகட்டைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம். அதிர்வில் கேபிளைத் தகடு அறுத்துக்கொண்டே இருக்கும், ஒருநாள் நடு வயலில் அமைப்பு கொட்டும். திறந்து மூடும் மூடியில் எதையும் கட்டவேண்டாம். கேபிளின் கடைசி முனையில் ஒரு ரெசிஸ்டர் வரும். அது இருந்தால்தான் கேபிள் அறுந்தால் பலகைக்குத் தெரியும். தேவையில்லாத துண்டு என்று நினைத்து அதை வெட்டி எறிந்தவர்களும் உண்டு.

மின்சாரத்தில் இயங்கும் பலகையை எங்கிருந்து இணைப்பது என்பது அடுத்த கேள்வி. இரவு வண்டியை நிறுத்தும்போது பேட்டரி ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போவது நல்ல பழக்கம், அதை விடவேண்டாம். ஆனால் பதருக்குள் கனிந்த கங்கு சுவாலையாவது பெரும்பாலும் வண்டி நின்றபிறகுதான். எனவே பலகைக்கு வரும் ஒயரைப் பேட்டரி ஸ்விட்சுக்கு முன்னாலேயே, தனி ஃபியூஸ் போட்டு எடுங்கள். ஸ்விட்சுக்குப் பின்னால் எடுத்தால் ஓட்டுநர் வீட்டுக்குப் போகும்போது காவலும் வீட்டுக்குப் போய்விடும்.

நாசில்கள்

எஞ்சின் அறை முழுவதையும் நிரப்புவது நோக்கம் இல்லை. திறந்த அறையில் அது நடக்கவும் நடக்காது. குறித்துவைத்த இடங்களை ஒவ்வொன்றாக அடிக்கவேண்டும். டர்போவும் மேனிஃபோல்டும் ஒன்று, எரிபொருள் பம்ப்பும் இன்ஜெக்டர் குழாய்களும் ஒன்று, செல்ஃப் மோட்டாரும் ஆல்டர்நேட்டரும் ஒன்று, ஹைட்ராலிக் பம்ப் ஒன்று, புகை வடிகட்டி இருந்தால் அதற்கு ஒன்று. அப்புறம் நான் சொன்ன அந்தத் தட்டு. அதற்குத் தனியாக ஒரு நாசில் வைக்காமல் நான் வேலையை முடிப்பதில்லை.

வைத்தபிறகு நாசிலின் வாயருகே கண்ணை வைத்துப் பாருங்கள். அங்கிருந்து என்ன தெரிகிறதோ அதன்மேல்தான் விழும். நடுவே ஹோஸ் கட்டு ஒன்று குறுக்கே போனால் அதற்குப் பின்னால் இருப்பது நனையாது. கோணத்தையும் தூரத்தையும் தயாரிப்பாளரின் கையேடு சொல்லும், அதைத் தாண்டவேண்டாம். ஒரு சிலிண்டருக்கு எத்தனை நாசில், எவ்வளவு நீளக் குழாய் என்பதும் அதிலேயே இருக்கும். நீங்கள் ஆரம்பத்தில் கேட்ட சிலிண்டர் அளவு இங்கேதான் முடிவாகிறது: இடங்களை எண்ணுங்கள், நாசிலை எண்ணுங்கள், கையேட்டின் அட்டவணையைப் பாருங்கள். கூடுதலாக ஒரு நாசில் தேவைப்பட்டால் அடுத்த அளவு சிலிண்டர். இருக்கிற குழாயில் T வடிவ இணைப்பு ஒன்று போட்டுக் கிளை எடுத்தால் எல்லா நாசிலிலும் அழுத்தம் குறையும்.

ஒவ்வொரு நாசிலுக்கும் மூடி இருக்கவேண்டும். அழுத்தம் வந்ததும் தெறித்து விழும் சின்ன மூடி அது. மூடி இல்லாத நாசில் ஒரே பருவத்தில் பதரால் அடைத்துவிடும். கூடுதல் மூடிகளை வாங்கிக் கேபினிலேயே ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள், வழியில் எப்படியும் ஒன்றிரண்டு காணாமல் போகும்.

சிலிண்டரை எஞ்சின் அறைக்கு வெளியே, தீ எட்டாத இடத்தில், அழுத்தம் காட்டும் கேஜ் கண்ணுக்குத் தெரியும்படி மாட்டுங்கள். மெல்லிய தகட்டில் மாட்டினால் அதிர்வில் வெடிப்பு விடும், சட்டத்தில் மாட்டுங்கள். பவுடர் சிலிண்டர் நேராக நிற்கவேண்டும்.

கையால் இயக்கும் பிடி இரண்டு வேண்டும். ஒன்று ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபடி எட்டும் இடத்தில். இன்னொன்று தரையில் நிற்பவர் எட்டும் உயரத்தில், எஞ்சினிலிருந்து தள்ளி, இறங்கும் ஏணிப் பக்கமாக. தீயைப் பெரும்பாலும் முதலில் பார்ப்பது ஓட்டுநர் இல்லை, தானியம் ஏற்றும் வண்டியில் பக்கத்தில் வருபவர்.

எஞ்சினை நிறுத்துவது

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது தெளித்தால் ரேடியேட்டர் ஃபேன் பாதியை வெளியே ஊதிவிடும், எரிபொருள் பம்ப் தீக்கு டீசல் ஊற்றிக்கொண்டே இருக்கும். எனவே வரிசை இப்படி: எச்சரிக்கை ஒலி, சிறிய இடைவெளி, எஞ்சின் நிற்பது, பிறகு தெளிப்பது. அந்த இடைவெளி 10 முதல் 15 நொடி வைக்கலாம். விளைந்த கதிருக்கு நடுவே நிற்கும் வண்டி அந்த நேரத்தில் அறுத்த பக்கமாக நகர்ந்துவிடும். சரிவிலோ சாலையிலோ போகும்போது திடீரென்று எஞ்சின் நின்றால் ஸ்டியரிங் கனத்துவிடும் என்பதால் நிறுத்தத்தைத் தள்ளிப்போடும் பொத்தான் உள்ள பலகையாகப் பாருங்கள். அதிக நொடி வேண்டும் என்று ஓட்டுநர்கள் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். குழாயால் இயங்கும் அமைப்பில் இந்த இடைவெளியே கிடையாது, அழுத்தம் இறங்கியதும் தெளித்துவிடும். அங்கே அழுத்த ஸ்விட்ச் ஒன்று போட்டு, அதே கணத்தில் எஞ்சின் நிற்கும்படி இணைக்கவேண்டும்.

டீசல் டேங்க் எஞ்சினைவிட உயரத்தில் உள்ள வண்டிகளில் எஞ்சின் நின்றாலும் டீசல் தானாக இறங்கும். டேங்கின் அடியில் ஒரு அடைப்பு வால்வு, முடிந்தால் பலகையோடு சேர்ந்தே மூடுவதுபோல. மிச்ச டீசல் டேங்குக்குத் திரும்பும் குழாயையும் மறக்கவேண்டாம்.

வாங்கும்போது

கனரக நகரும் இயந்திரங்களுக்கான ஆஸ்திரேலியத் தரம் ஏஎஸ் 5062, சோதித்துச் சான்று தரும் எஃப்எம் நிறுவனத்தின் 5970 தரம் ஆகியவை நல்ல அடையாளம். பேருந்து எஞ்சின் அறைக்கான ஐநா விதி 107-இன்படி சோதித்தவையும் சந்தையில் உண்டு. அந்தச் சோதனை கடுமையானதுதான், ஆனால் பேருந்தில் பதர் கிடையாது. எந்தத் தரம் என்று கேட்டதும் சான்றிதழை எடுத்துக் காட்டாத விற்பனையாளரிடம் நான் வாங்குவதில்லை. பழைய வண்டியோடு அமைப்பும் சேர்ந்து வந்தால் சிலிண்டரின் கழுத்தில் அடித்திருக்கும் அழுத்தச் சோதனைத் தேதியை முதலில் பாருங்கள்.

சோதித்துப் பார்ப்பது

சிலிண்டரின் வால்வை இயக்கும் இணைப்பைக் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள். கேபிள் முனையில், ரெசிஸ்டருக்கு முன்னால், இரண்டு கம்பிகளையும் ஒரு துண்டு ஒயரால் தொடவையுங்கள். ஒலி வரவேண்டும், நொடிகள் ஓடவேண்டும், எஞ்சின் நிற்கவேண்டும். ரெசிஸ்டரைக் கழற்றினால் கோளாறு விளக்கு எரியவேண்டும். பிறகு ஒவ்வொரு நாசிலிலும் ஒரு பலூனைக் கட்டி, குழாய் வழியாக நைட்ரஜனோ உலர்ந்த காற்றோ குறைந்த அழுத்தத்தில் விடுங்கள். ஊதாத பலூன் எதுவோ அங்கே அடைப்பு. எல்லாம் சரியென்றால் இணைப்பைத் திரும்ப மாட்டி, கொண்டுவரும்போது பூட்டியிருந்த பாதுகாப்புப் பின்னை எடுங்கள். பின் எடுக்காமலே ஓடும் வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். எடுத்த பின்னை ஓட்டுநரின் கையில் கொடுத்துவிடுங்கள். வண்டியில் வெல்டிங் செய்யும்போது அது மறுபடி தேவைப்படும்.

பராமரிப்பு நிறைய இல்லை. தினமும் காலையில் கேஜ் முள் பச்சையில் இருக்கிறதா, பலகையின் விளக்கு சரியா, நாசில் மூடிகள் இருக்கின்றனவா என்று ஏறும்போது ஒரு பார்வை. காற்றடித்துப் பதர் எடுக்கும்போது மேலிருந்து கீழே அடியுங்கள், நாசிலின் வாய்க்கு நேராக அடிக்காதீர்கள், கேபிளை இழுக்காதீர்கள். பருவம் தொடங்குவதற்கு முன்னால், அழுத்தம் கொடுக்கத் தனியாக நைட்ரஜன் குடுவை இருந்தால் அதை எடை போட்டு, மேலே அச்சடித்த எடையோடு ஒப்பிடுங்கள். பவுடர் அதிர்வில் இறுகும். அழுத்தம் தனிக் குடுவையில் இருக்கும் வகையென்றால், கையேட்டின்படி குடுவையைக் கழற்றிவைத்துவிட்டு, மூடியைத் திறந்து பவுடர் தளர்வாக இருக்கிறதா என்று பார்க்கலாம். அழுத்தம் ஏற்றிய சிலிண்டரை மட்டும் நீங்களாகத் திறக்கவே கூடாது. எலி கடித்த கேபிளையும் தேடுங்கள், சும்மா நின்ற மாதங்களில் எஞ்சின் அறை எலிக்கு வீடு.

நிஜமாகவே தீ பிடித்தால்

ஓட்டுநருக்கு ஒருமுறை செய்துகாட்டிவிடுங்கள், காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் போதாது. கருகல் வாடையோ புகையோ வந்ததும் கதிரடிப்பதை நிறுத்து. கதிரை விட்டு அறுத்த நிலத்துக்குப் போ. எஞ்சினை நிறுத்து. கேபின் பிடியை அடி. போனை எடுத்துக்கொண்டு இறங்கு. காற்று வரும் பக்கமாக நில். தீயணைப்பு நிலையத்துக்குச் சொல். கையில் தீயணைப்பானை எடுத்தபிறகும் எஞ்சின் மூடியை முழுவதும் திறக்கவேண்டாம். காற்று உள்ளே புகுந்ததும் அடங்கிய தீ எழும். டயர் எரிய ஆரம்பித்தால் ஓடு, டயர் வெடிக்கும்.

வைக்கோல் கட்டும் இயந்திரமாக இருந்தால், முடியுமானால் எரியும் வைக்கோல் கட்டை வெளியே தள்ளிவிட்டு டிராக்டரை முன்னால் நகர்த்தலாம். இயந்திரமே எரிகிறதென்றால் நேரம் இருக்கும்போதே கொக்கியைக் கழற்றி டிராக்டரைக் காப்பாற்றுங்கள். நேரம் இல்லையென்றால் இரண்டையும் விட்டுவிட்டு ஆள் தப்பவேண்டும்.

அணைந்தபிறகு குறைந்தது அரை மணி நேரமாவது பக்கத்தில் தண்ணீரோடு நில்லுங்கள். காரணம் தெரியாமல் ஸ்டார்ட் செய்யக்கூடாது. பவுடர் கொட்டியிருந்தால் அன்றைக்கே துடைத்தெடுங்கள். ஈரம் பட்டால் அது ஒயர் முனைகளையும் அலுமினியத்தையும் அரிக்கும். ஏர் ஃபில்டரை மாற்றுங்கள், ஆல்டர்நேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். சுத்தம் செய்வதற்கு முன்னால் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொண்டால் காப்பீட்டுக்கும் உதவும், காரணம் தேடுபவருக்கும் உதவும். சிலிண்டரை நிரப்பி, உணர்குழாயையோ கேபிளையோ புதிதாகப் போட்டு, பலூன் சோதனையை மறுபடி செய்தபிறகுதான் வண்டி வயலுக்குப் போகலாம்.